எந்த ஷெட்டு?

ஆரணியில் ஷெட்டு என்றால் ஒரே அர்த்தம்தான். தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம், உள்ளே வரிசையாக விசைத்தறிகள், நாள் முழுக்கத் தடதடவென்று சத்தம். அங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு வந்த பிறகும் உரக்கத்தான் பேசுவார்கள். எங்கள் தெருவில் கைத்தறியில் பட்டு நெய்கிற குடும்பங்கள் அதிகம். அவர்கள் பார்வையில் ஷெட்டு என்பது ஒரு படி கீழே. “அவன் ஷெட்டுக்குப் போயிட்டானாமே” என்று சொல்லும்போது, ஏதோ உடம்பு சரியில்லாதவனைப் பற்றிச் சொல்வதைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

ஆகவே, மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, பரீட்சை எழுதி, ரயில்வேயில் டெக்னீஷியனாகச் சேர்ந்த முதல் நாள் சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்து, “என்னை ஷெட்டுல போட்டிருக்காங்கம்மா” என்று நான் சந்தோஷமாகச் சொன்னது பெரிய தப்பு.

“எந்த ஷெட்டுடி?” என்றாள் அம்மா.

“லோகோ ஷெட்டும்மா.”

“லோகோவா? யாரு அவரு? நம்ம பக்கத்து ஆளா?”

இஞ்சின்களை நிறுத்திப் பழுது பார்க்கிற இடத்துக்கு லோகோ ஷெட்டு என்று பெயர், அது எந்த முதலாளியின் பெயரும் இல்லை என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். தெருவில் நடப்பதை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை யாரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டவள். “இன்னா அண்ணி, பாப்பாவுக்கு ஷெட்டுலயா வேலை? அதுக்கு இங்கியே எத்தினியோ ஷெட்டு கீதே!” என்று அவள் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. அன்றைக்கு விளக்கு வைப்பதற்குள் செய்தி தெருவின் அந்தக் கோடிக்குப் போயிருக்கும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். அப்பா மூன்றாம் வகுப்பு வரை போயிருக்கிறார். அம்மா போனதே இல்லை. என்னைப் பள்ளியில் சேர்த்த அன்றைக்கே அம்மா இரண்டு விஷயங்களை முடிவு செய்துவிட்டாள். ஒன்று, இவள் குழியில் இறங்கக் கூடாது. எங்களுடையது குழித்தறி. தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, உள்ளே இருக்கும் மிதியை மிதித்து நெய்ய வேண்டும். அம்மாவின் முழங்கால்களுக்கு அந்தக் குழியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. இரண்டாவது, இவள் ஷெட்டுக்கும் போகக் கூடாது. நான் வீட்டுப்பாடம் எழுதாமல் விளையாடினால் அம்மா அடிக்க மாட்டாள். “குழியா, ஷெட்டா? இன்னாத்துக்குப் போற, இப்பவே சொல்லிடு” என்பாள். நான் ஓடிப்போய் வாய்ப்பாட்டை எடுத்துக்கொள்வேன்.

இப்போது நான் ஷெட்டில் இருக்கிறேன். ஷெட்டுக்குள் இருக்கும் குழியைப் பற்றி அப்போது நான் வாயே திறக்கவில்லை.

நான் வேலை செய்கிற ஷெட்டில் புதிய பாதி, பழைய பாதி என்று இரண்டு உண்டு. புதிய பாதியில் ஓடுகிற இஞ்சின்கள் வந்து போகும். பழைய பாதி அதற்குப் பின்னால், வேப்ப மரங்களுக்கு நடுவே இருக்கிறது. செங்கல் சுவர், உயரமான வளைவு வாசல்கள், கூரையில் புகை போவதற்கு விட்ட திறப்புகள். அந்தத் திறப்புகளின் வழியாக இப்போது புகைக்குப் பதிலாகப் புறாக்கள் வந்து போகின்றன. உள்ளே மூன்று நீராவி இஞ்சின்கள் நிற்கின்றன. ஓய்வு பெற்றவை. விற்கவும் இல்லை, உடைக்கவும் இல்லை, எங்கேயாவது காட்சிக்கு வைக்கலாம் என்று யாரோ எப்போதோ சொன்னதை நம்பிக் காத்துக்கொண்டிருக்கின்றன. இந்தக் கட்டடத்துக்கு மற்றவர்கள் வைத்த பெயர் ‘முதியோர் இல்லம்’. புதிதாகச் சேர்ந்தவள் என்பதால் என்னை வாரத்தில் பாதி நாள் இங்கே அனுப்பினார்கள். துருவைச் சுரண்ட வேண்டும், எண்ணெய் போட வேண்டும், புறா எச்சத்தைத் துடைக்க வேண்டும். “பாட்டனுங்களை நல்லா பாத்துக்கோம்மா, ராவுல எழுந்து எங்கியாவது போயிடப் போறாங்க” என்பார் எங்கள் பெரிய ஃபிட்டர். அவருக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அதைச் சொல்லி நான் திருப்பி அடித்தால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்கே கொஞ்ச நாள் ஆயிற்று. முதல் வகுப்பில் தேறியவளுக்குத் துடைக்கிற வேலையா என்று ஆரம்பத்தில் மூக்கை உயர்த்திக்கொண்டுதான் போனேன். ஆனால் ஓடுகிற இஞ்சினில் எல்லாம் மூடிக்குள்ளே இருக்கும். நீராவி இஞ்சினில் எல்லாம் வெளியே தெரியும். எது எதைத் தள்ளுகிறது, எது எதைச் சுற்றுகிறது என்று நின்று பார்த்தாலே போதும். தறியும் அப்படித்தான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, பொங்கலுக்கு நான் ஊருக்கு வரும் வரை. கடைக்குப் போகிற வழியில் பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம், “பொண்ணு எங்க வேலைல கீது?” என்று கேட்டாள். அம்மா, “வெளியூர்ல” என்றாள்.

“இன்னா வேலை?”

“வெளியூர்லதான்” என்று சொல்லிவிட்டு அம்மா நடையை எட்டிப் போட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் ஐந்தாம் வகுப்பில் வாங்கிய ஒரு பேனாப் பரிசைப் பற்றி ஒரு மாசம் தெருவெல்லாம் பேசிய அம்மா இவள். என் வேலைக்கு அவளிடம் ஒரு பெயர் இல்லை. அந்தப் பெயரை அவள் வாயால் சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று பஸ்ஸில் திரும்பும்போதே தீர்மானித்துவிட்டேன்.

முதலில் புகைப்படங்கள் அனுப்பினேன். இஞ்சின் முன்னால் நான், இஞ்சின் பக்கத்தில் நான், இஞ்சின் மேலே நான். அத்தை அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போனில் தன் தீர்ப்பைச் சொன்னாள்: “பின்னால செவுரு கீது. முன்னால கதவைச் சாத்தி வச்சிகினு கீறாங்க. இந்த வண்டி எங்கதான் போவும்?”

“போவாது அத்தே. இதெல்லாம் ரிட்டயர் ஆனது.”

“அப்ப ஓடாத வண்டிக்கு வேலை செய்யறே.”

“ஆமா.”

“அதுக்குப் பேரு ஷெட்டு.”

“ஆமா.”

“எங்க ஊரு ஷெட்டுலயாவது ஏதாவது ஓடும்” என்றாள் அத்தை.

படம் காட்டி ஆகாது, நேரில்தான் காட்ட வேண்டும் என்று புரிந்தது. ஆயுத பூஜை அன்று ஷெட்டுக்குள் குடும்பத்தாரை விடுவார்கள். இஞ்சின்களுக்கு மாலை, சந்தனம், வாழைக்கன்று எல்லாம் உண்டு. அம்மாவையும் அத்தையையும் அன்றைக்கு வரச் சொன்னேன். அத்தைக்குப் புரிந்துவிட்டால் தெருவுக்குப் புரிந்த மாதிரி. வெறும் இரும்பைக் காட்டினால் அவள் மசிய மாட்டாள் என்பதால் ஒரு வேலை செய்தேன். மூன்றில் நடுவில் நிற்கும் இஞ்சினின் விசிலைச் சரி செய்தேன். நீராவி இல்லாவிட்டால் என்ன, கம்ப்ரசரிலிருந்து ஒரு குழாயைக் கொண்டுவந்து காற்றைச் செலுத்தினால் விசில் ஊதும் என்று பெரிய ஃபிட்டர் சொன்னார். வால்வு இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தட்டி, தேய்த்து, மறுபடி ஊறவைத்து, மூன்று வாரம் போராடினேன். முதல் முறை காற்றைத் திறந்தபோது வாத்து தும்மியதைப் போல ஒரு சத்தம் வந்தது. ஃபிட்டர் சிரித்த சிரிப்பில் ஒரு பக்கத்துப் புறாக்கள் கிளம்பிவிட்டன. கடைசி வாரத்தில் சரியாகிவிட்டது. கட்டடமே அதிர்கிற மாதிரி ஊதியது. உடனே மூடிவிட்டேன். பூஜை அன்றைக்கு அம்மாவின் முன்னால் ஊத வேண்டும்.

ஆரணிக்கு நேராக ரயில் கிடையாது. ‘ஆரணி ரோடு’ என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே இறங்கி ஆரணிக்கு ரோடில்தான் வர வேண்டும். பெயர் வைத்தவர் நேர்மையானவர். அம்மாவும் அத்தையும் கண்ணமங்கலம் வழியாக வேலூருக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி வந்து இறங்கினார்கள். அம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். அம்மா நெய்த பட்டுப்புடவைகளுக்குக் கணக்கில்லை, ஆனால் அவளுக்கென்று இருப்பது கல்யாணப் புடவை ஒன்றுதான். அது நைந்துவிட்டது. இது அத்தையின் புடவை. அரக்கு நிறம், பச்சைக் கரை. அதனால் அத்தை அன்றைக்கு இஞ்சினைப் பார்த்த நேரத்தைவிட அந்தப் புடவையைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

“அண்ணி, புடவை! கம்பி கீது பாருங்க.”

“பாத்துகினுதான் வரேன்.”

“அண்ணி, எண்ணெ! எண்ணெ!”

“நீயே கட்டிகினு வந்திருக்கலாம் இல்ல?” என்றாள் அம்மா.

பழைய கட்டடத்தின் வாசலில் அம்மா செருப்பைக் கழற்றினாள். தறி இருக்கிற இடத்துக்குள் எங்கள் வீட்டில் யாரும் செருப்போடு போக மாட்டார்கள். “ஐயோ, இங்க ஆணி கிடக்கும்மா, போட்டுக்கோ” என்றேன். கேட்கவில்லை. வெறுங்காலோடு உள்ளே வந்து, முதல் இஞ்சினின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். சக்கரம் அவள் தலைக்கு மேலே போயிற்று. அம்மா அண்ணாந்து பார்த்தாள். நான் பெருமையோடு காத்திருந்தேன்.

“இவ்ளோ பெரிசா?” என்றாள்.

இது போதாதென்று நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். இஞ்சினுக்கு அடியில் தண்டவாளத்துக்கு நடுவே இருக்கும் பள்ளத்தைக் காட்டி, “இதுக்குள்ள இறங்கி நின்னுதாம்மா அடிப்பக்கத்தைப் பாப்போம்” என்றேன்.

அம்மா குனிந்து பார்த்தாள். படிக்கட்டு வைத்துக் கட்டிய ஆள் உயரப் பள்ளம்.

“இது இன்னாடி?”

“பிட்டும்மா.”

“தமிழ்ல?”

அத்தை சொன்னாள். “குழி, அண்ணி.” பிறகு விரலை மடக்கினாள். “ஷெட்டு ஒண்ணு. குழி ஒண்ணு. நீங்க வாணாம்னு சொன்னதே ரெண்டுதான். ரெண்டையும் தேடிப் புட்சிகினு வந்து நிக்குது உங்க பொண்ணு.”

“இதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?” என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

“இது வேற குழிம்மா. இதுல நின்னுகினு வேலை செய்யலாம்” என்றேன். என் காதுக்கே அது தேறவில்லை.

அதற்குள் பூஜை ஆரம்பித்துவிட்டது. மூன்று இஞ்சின்களுக்கும் மாலை போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டினார்கள். பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். எனக்கு எதிலும் மனசு நிற்கவில்லை. என்னிடம் மிச்சம் இருந்தது விசில் மட்டும்தான். கற்பூரம் அணைந்ததும் நடு இஞ்சினின் மேலே ஏறி, குழாயைக் கையில் எடுத்தேன்.

“இன்னா பண்றே?” கீழேயிருந்து அம்மா கத்தினாள்.

“விசில் ஊதப்போறேம்மா. கேளு.”

“பூஜை போட்டதைத் தொடறியா? கீழ எறங்கு மொதல்ல!”

ஆயுத பூஜை அன்று பூஜை போட்ட தறியை எங்கள் வீட்டில் யாரும் தொடுவதில்லை. மறுநாள் காலையில் மறுபடி கற்பூரம் காட்டி, ஊடு இழையைக் கொண்டுபோகும் நாடாவை ஒருமுறை எறிந்த பிறகுதான் வேலை. சின்ன வயதில் ஒரு தடவை நான் தெரியாமல் ஓர் இழையைத் தொட்டதற்கு அன்று முழுக்க அம்மா பேசவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். மூன்று வாரம் வால்வைத் தேய்த்தபோது ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை.

“அம்மா, இது தறி இல்ல, இஞ்சின்.”

“பொட்டு வச்சிருக்குது இல்ல?”

“அண்ணி சொல்றது நாயம்” என்றாள் அத்தை. அம்மாவும் அத்தையும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். அதற்கு நான் தேர்ந்தெடுத்த நாளைப் பாருங்கள்.

சரியாக அந்த நேரத்தில் புதிய பாதியிலிருந்து ஓர் இஞ்சின் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு வெளியே போயிற்று. அதன் நெற்றியிலும் சந்தனப் பொட்டு இருந்தது.

“அது மட்டும் ஊதுது?” என்று அம்மா பெரிய ஃபிட்டரைக் கேட்டாள்.

“அது ஓடற வண்டி அக்கா. ஜனம் காத்துகினு நிக்கும், நிறுத்த முடியுமா? சாமிகிட்ட சொல்லிட்டு அனுப்பிடுவோம்.”

“அப்ப இது?”

“இதுவா?” ஃபிட்டர் சிரித்தார். “இதுக்கு வருசம் பூரா ஆயுத பூஜைதான்க்கா. எவன் தொடறான்? உங்க பொண்ணு ஒண்ணுதான் தெனமும் தொட்டுகினு கெடக்குது.”

அத்தைகூடச் சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள், தெரியாமல்கூடத் தொட்டுவிடக் கூடாது என்று. அப்படியே மூன்று இஞ்சின்களையும் சுற்றி வந்தாள். மெதுவாகத்தான் வந்தாள். முதல் இஞ்சினில் சக்கரங்களை இணைக்கும் நீளமான தண்டு பளபளவென்று இருந்தது. நடு இஞ்சினிலும் அப்படித்தான். மூன்றாவதில் அந்தத் தண்டு பாதி வரைக்கும் பளபளத்தது, மீதி துருவேறிக் கிடந்தது. அம்மா அந்த இடத்தில் நின்றாள்.

“இங்க நிறுத்திட்டே.”

“ஆமாம்மா. அப்புறம் விசில் வேலைல இறங்கிட்டேன்.”

“மீதியை எப்ப முடிப்பே?”

“இந்த மாசத்துக்குள்ள.”

“நீ விட்டா இதுக்கு வேற ஆளு இல்ல?”

“இல்லம்மா.”

அம்மா தலையை ஆட்டினாள். பிறகு அத்தையிடம் திரும்பி, “நாளைக்குக் காத்தால இதைத் தொடலாம் இல்ல? தொட்டு ஊதட்டும். கேட்டுட்டுப் போலாம்” என்றாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் காலையில் எங்கள் தறியில் முதல் நாடாவை எறிவது அம்மா. ஒரு வருஷம் கடும் காய்ச்சலில் கிடந்தபோதும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் எறிந்துவிட்டு வந்து படுத்தாள். அன்று சாயங்கால பஸ்ஸைப் பிடித்தால்தான் அவளால் ஊர் போய்ச் சேர முடியும்.

“தறிக்கு யாரும்மா?” என்றேன்.

“உங்கப்பா எறியட்டும்.”

“எங்க அண்ணனா?” என்றாள் அத்தை. “அது எறிஞ்சா நாடா கரையைத் தாண்டி ரோட்டுல போய் வுழும்.”

“வுழட்டும். எடுத்துக்கலாம்” என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் அம்மா என் அறையில் குளித்துவிட்டு அதே புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள், வேறு புடவை கொண்டுவரவில்லை. கட்டடத்தில் நாங்கள் மூவரும் பெரிய ஃபிட்டரும் மட்டும்தான். அம்மாவே கற்பூரம் ஏற்றினாள். “இப்பத் தொடு” என்றாள்.

நான் ஏறிக் காற்றைத் திறந்தேன். உஸ்ஸென்று ஒரு சத்தம். வேறு எதுவும் இல்லை.

“இதுக்கா ஒரு நாள் தங்கினோம்?” என்றாள் அத்தை. “எங்க வீட்டு குக்கரு இதைவிட நல்லா பண்ணும்.”

குழாயின் இணைப்பு தளர்ந்திருந்தது. இறுக்கினேன். மறுபடி திறந்து விசிலின் சங்கிலியை இழுத்தேன்.

விசில் ஊதியது. அதை எப்படிச் சொல்வது? நான் அதுவரை கேட்டதைவிடப் பெரிதாக ஊதியது. கூரையிலிருந்த புறாக்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் கிளம்பின. அத்தை “அய்யய்யோ” என்று காதைப் பொத்திக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எண்ணெய்த் தரை. நான் சங்கிலியை விட்டேன். சத்தம் நின்ற பிறகும் சுவரிலிருந்து கொஞ்சம் திரும்பி வந்தது.

அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏற ஆரம்பித்தாள். முழங்கால் வலிக்காரி, கைப்பிடி கைப்பிடியாகப் பிடித்து மேலே வந்து நின்றாள். “நகரு” என்றாள். சங்கிலியை அவளே இழுத்தாள். ஊதியது. மறுபடி இழுத்தாள். மறுபடி.

“போதும்மா, காத்து தீந்திடும்.”

“இரு, இன்னொண்ணு.”

கீழே இறங்கியபோது அரக்குப் புடவையில் முழங்கால் பக்கத்தில் உள்ளங்கை அளவு கிரீஸ் இருந்தது. தோளில் புறா தன் பங்கைச் சேர்த்திருந்தது. அத்தை அதைப் பார்த்தாள், தன் முதுகுப் பக்கத்தைத் தடவிப் பார்த்தாள், அப்புறம் வாயைத் திறந்தாள். அந்தப் பேச்சு இன்றைக்கு வரைக்கும் முடியவில்லை. அம்மா வேறு புடவை நெய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அத்தை தினமும் வந்து அந்தப் புடவையின் கரைக்கு நிறம் மாற்றிச் சொல்லிவிட்டுப் போகிறாள்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். காலையில் எங்கள் தெருவில், தறியில் ஏற்ற வேண்டிய பாவு நூலை நீளமாக நீட்டி இழை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா அம்மாவைக் கேட்டது ஜன்னல் வழியாகக் கேட்டது.

“பொண்ணு வந்துகீது போல. இன்னும் வெளியூர்லதானா வேலை?”

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“ஷெட்டுல” என்றாள் அம்மா, தெருவுக்கே கேட்கிற மாதிரி.

“ஷெட்டுலயா? எந்த ஷெட்டு?”

“கண்ணமங்கலம் கேட்டுல நின்னு ரயிலு போறதைப் பாத்திருக்கே இல்ல? அந்த ரயிலு இஞ்சினோட பாட்டனுங்க மூணு பேரு அங்க நிக்கறாங்க. அவங்களுக்கு எண்ணெ தேச்சு விடறது எங்க பாப்பாதான். வேற யாரையும் தொட வுட மாட்டாங்க.”

கடைசி வாக்கியம் உண்மை இல்லை. நான் வெளியே போய்த் திருத்தவில்லை.

“குழியில எறங்கித்தான் செய்யணும்” என்று அம்மா மேலும் சொன்னாள். “ஆள் உசரக் குழி. நின்னுகினே செய்யலாம்.”

“சத்தம் போடுமா அது?” என்றாள் அக்கா.

அம்மா பதில் சொல்வதற்குள் இரண்டு வீடு தள்ளி ஒரு கதவு திறந்தது. “இன்னா அப்பிடிக் கேட்டுட்டே?” என்று அத்தை கத்தினாள். “அன்னிக்கு ஊதுனப்ப உனுக்கு இங்க கேக்கல?”